கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் குடும்பப் படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்கும் வந்துவிடும் குமரி மாவட்டத்தில், மழை வெறித்ததும் துணிமணிக்கு வெயில் காட்டுகிறோம். அலமாரியில் கிடக்கும் புகைப்படங்களை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. படத்தாளின் மேல்பூச்சு ஜெலட்டின் என்ற பசை போன்ற பொருள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் அதில் பூஞ்சை பிடிக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து, படங்களைச் செருகிவைத்த ஜெம் கிளிப் துருப்பிடித்துக் கறையை இறக்கும்.

அதிகம் கெடுவது சுவரில் மாட்டிய தாத்தா, பாட்டி படங்கள்தான். சட்டம் போடும் கடைகளில் படத்தைக் கண்ணாடியில் படும்படி வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு அடித்துத் தந்துவிடுகிறார்கள். மழை ஊறிய வெளிச்சுவரில் மாட்டினால் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் வழிந்து கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், நடுவில் படம் தெரியும்படி வெட்டிய 2 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் அரை அங்குல கார்க் துண்டுகளை ஒட்டி, உட்சுவரில் மாட்டுங்கள். சந்தனத்தைச் சட்டத்தின் மரத்தில் வைத்தால் தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்வதுதான் வழி.

பழையது என்பதால் கருப்பு வெள்ளைப் படங்களையே முதலில் காப்பாற்ற நினைக்கிறோம். உண்மையில் அவசரம் 1970, 80களின் கலர் படங்களுக்கு. கருப்பு வெள்ளையில் உருவமாக நிற்பது வெள்ளித் துகள். ஓரத்தில் நீலப் பளபளப்பு தட்டினாலும் முகம் நிற்கும். கலர் படத்தில் இருப்பது சாயம். அந்தக் காலத் தாள்கள் பலவற்றில் இருட்டில் வைத்தாலும் நீலச்சாயம் முதலில் வெளிறும். கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் செம்பட்டையாகத் தெரிவது அதனால்தான். அந்த ஆல்பம் பசை தடவிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்டதாக இருந்தால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல அறுப்பதுபோல் இழுத்து விடுவிக்கலாம். வராவிட்டால் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். புதிய உறை வாங்கும்போது பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள்.

2004 சுனாமியிலும் 2021 நவம்பர் வெள்ளத்திலும் படங்களைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே உண்டு. நனைந்த படத்தை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் காய்வதற்குள் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசிப் பிரிக்க வேண்டும். கடல்நீர் பட்டிருந்தால் தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். உருவம் உள்ள பக்கத்தை விரலால் தேய்க்கக் கூடாது. பருத்தித் துணியில் படம் மேலே பார்க்க வைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலோ இஸ்திரிப் பெட்டியோ பட்டால் சுருண்டுவிடும். 48 மணி நேரத்துக்குள் முடியாதென்றால் இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

ஸ்கேன் செய்ய 4x6 அங்குலப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். சுருக்காத டிஃப் (TIFF) கோப்பாக வைத்தால் ஒரு படம் சுமார் 26 எம்.பி. வரும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் கிடைத்தால் 2400க்குக் குறைய வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும்.

இவ்வளவு செய்தும், படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இல்லையென்றால் பயன் பாதிதான். எண்பதைத் தாண்டியவர்களிடம் இப்போதே காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர், உறவுமுறை, வீட்டுப்பெயர் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் வீட்டுப்பெயர் இல்லாத குறிப்பு உதவாது. பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கம் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பழைய தாளில் மென்மையான பென்சில் போதும். வழவழப்பான கலர் தாளில் பென்சில் பிடிக்காது. தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள்.

கோப்புகளை ஒரே போனில் வைப்பது பாதுகாப்பல்ல. ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வெளியூர் உறவினரிடம், மூன்றாவது இணையத்தில் இருக்கட்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கூகுள் கணக்கு நீக்கப்படலாம் என்பதால், இறந்தவர் கணக்கில் உள்ள படங்களைக் குடும்பத்தார் விரைவில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனர் வாங்க எல்லோராலும் முடியாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்திலும் தக்கலை, குழித்துறைப் பகுதி நூலகங்களிலும் படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்துவைக்கும் தட்டைப்படுகை ஸ்கேனர் ஒன்றை வைத்து, வாரம் ஒரு நாள் பொதுமக்கள் பயன்படுத்த விட வேண்டும். படம் வீட்டுக்காரரிடமே திரும்ப வேண்டும், நகல் நூலகத்தில் இருப்பது அவர் சம்மதித்தால் மட்டும் என்பதை முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டால் மக்கள் தயங்காமல் கொண்டுவருவார்கள். நூலகத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய படங்களைப் பராமரிக்கும் வாசகர்கள்,
தக்கலை.