கூட்டமா, தாக்குதலா: எங்கள் சர்வர் பிரித்தறியும் விதம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விற்பனை நெருங்குகிறது. "ஒரே நேரத்தில் ஆர்டர் குவிந்தால், அதைத் தாக்குதல் என்று நினைத்து எங்கள் தளத்தை முடக்கிவிட மாட்டீர்களே?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கவலைதான்.

ஒரு பிரவுசர் உங்கள் தளத்தைத் திறக்கும்போது முதலில் 'சின்' என்ற சிறிய தகவல் பாக்கெட்டை அனுப்பும். சர்வர் பதில் தரும். பிரவுசர் அதை உறுதிசெய்த பிறகுதான் இணைப்பு. தாக்குபவர்கள் பொய்யான ஐபி முகவரிகளைப் போட்டு சின்னை மட்டும் கொட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சர்வர் இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். இடம் தீர்ந்துவிட்டால் உண்மையாகவே வாங்க வந்தவருக்குத் தளம் திறக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் இப்படித்தான் நாள்கணக்கில் திணறியது.

முகவரியே பொய் என்பதால் ஐபியைத் தடுத்துப் பயனில்லை. நொடிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டுவதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு வியாபாரம் நன்றாக நடக்கும் நாளில்தான் அந்த வரம்பு குறுக்கே நிற்கும்.

அதனால் வருகிறவர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தொடங்கிய இணைப்புகள் ஒழுங்காக முடிகின்றனவா என்று பார்க்கிறோம். முடியும்போது 'ஃபின்' என்ற பாக்கெட் வரும். கூட்டம் பத்து மடங்கானால் சின்னும் ஃபின்னும் சேர்ந்தே ஏறும். தாக்குதலில் சின் மட்டும் ஏறும். 2002-இல் ஹைனிங் வாங், டான்லு ஜாங், காங் ஷின் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த யோசனை இது. இந்த வித்தியாசத்தை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்டது 'கியூசம்' என்ற தொடர்கூட்டல் கணக்கு. ஆலைகளில் தரம் நழுவுவதைப் பிடிக்க உதவும் என்று புள்ளியியலாளர் இ. எஸ். பேஜ் 1954-இல் வெளியிட்ட முறை அது.

உதாரணமாக, 20 நொடிக்கு ஒருமுறை, ஃபின்னோடு ஒப்பிட்டால் சின் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்று பார்ப்போம். சாதாரண நாளில் அந்த விகிதம் சுழியை ஒட்டியே இருக்கும். அதிலிருந்து 0.3-ஐக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வருவோம். கூட்டல் சுழிக்குக் கீழே போகாது. 1-ஐத் தொட்டால் எச்சரிக்கை. விகிதம் ஒரே ஒருமுறை 0.5 வந்தால் 0.2 சேரும், அடுத்த முறை சரியாகிவிட்டால் கரைந்துவிடும். விற்பனை தொடங்கும் நிமிடத்தில் ஃபின் சற்றுப் பின்தங்குவது இயல்பு. அதை இந்தக் கழிவு தாங்கிக்கொள்ளும். ஆனால் அதே 0.5 ஐந்து முறை தொடர்ந்தால் 100 நொடியில் எச்சரிக்கை வந்துவிடும். மெதுவாகக் கசியவிடும் தாக்குதலும், விகிதம் 0.3-ஐத் தாண்டினால், இதில் சிக்குவதுதான் எங்களுக்குப் பிடித்த விஷயம்.

எச்சரிக்கை வந்தாலும் தளத்தை மூட மாட்டோம். 'சின் குக்கீ' முறைக்கு மாறுவோம். உறுதிசெய்யாத இணைப்புக்குச் சர்வர் இடமே ஒதுக்காது. வாங்க வந்தவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இந்தக் கணக்குக்குப் பிடிபடாத வகையும் உண்டு. ஒவ்வொரு இணைப்பையும் முறையாகத் தொடங்கி முடித்தபடியே, பக்கங்களை மட்டும் ஓயாமல் கேட்கும் தாக்குதலில் சின்னும் ஃபின்னும் சரியாகவே இருக்கும். அங்கே ஐபி முகவரிகளும் கேட்கப்படும் பக்கங்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை, என்ட்ரோபி என்ற பரவல் அளவைக் கொண்டு அளக்கிறோம். விளம்பரம் பார்த்து எல்லோரும் ஒரே புடவைப் பக்கத்துக்கு வந்தால் அந்த அளவும் தாக்குதலைப் போலவே சட்டென்று மாறும். எனவே சலுகை தொடங்கும் தேதி, நேரம், விளம்பரத்தில் தரும் பக்க முகவரி மூன்றையும் இரண்டு நாள் முன்பே சப்போர்ட் டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்துக்குத் தனி எச்சரிக்கை அளவு வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஹோஸ்டிங் குழு