பல் எண்ண ஆள் வேண்டும்

ராயபுரம்
நவம்பர் 16

அன்புள்ள செல்வி,

ஆறு மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. இப்போதும் இடது கையில்தான் எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். போன வாரம் மழை விட்டதும் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மா அப்படியேதான்.

விழுந்த வலியைவிட எரிச்சல் என்ன தெரியுமா? அன்று மாலையே இவர் ப்ளீச்சிங் பவுடரும் பிரஷுமாக வந்து நின்றார், "பாசியை ஒழிச்சாத்தான் சரி" என்று. என்னை வழுக்கிவிட்டது தரையில் கருப்பும் பச்சையுமாகப் படிந்திருந்த வழவழப்பு, ஆல்கா. கைப்பிடிச் சுவர் விரிசலில் மெத்தை கட்டியிருப்பது மாஸ், குட்டிக் குட்டி இலை உள்ள செடி. நாம் இரண்டையும் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எவனோ செய்த தப்புக்கு எவனுக்கோ அடி!

சும்மா இருக்க முடியாமல் அப்பாவின் வாட்ச் ரிப்பேர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். சிரிக்காதே. சன்ஷேடுக்கு அடியில் மழை படாத இடத்தில் கரி அப்பியது போலக் காய்ந்த மாஸ் திட்டு ஒன்று இருந்தது. மே மாதத்திலிருந்து அப்படியே. கொஞ்சம் சுரண்டிச் சாஸரில் வைத்து, இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பீடி போல உள்பக்கம் சுருண்டிருந்த இலைகள் கண்ணெதிரே விரிந்தன. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பச்சை! நடு நரம்பை விட்டால் இலை பெரும்பாலும் ஒரே செல் கனம்தான், அதனால் தண்ணீர் பட்டதும் அப்படியே குடித்துவிடுகிறது. வேர் கிடையாது. ரைசாய்டு என்ற மெல்லிய இழைகள் சுவரைப் பிடித்துக்கொள்ளத்தான். ஆண் செல் முட்டையிடம் போக வேண்டுமென்றாலும் நீந்தித்தான் போக வேண்டும். உன் பீச் ஸ்டேஷன் ஆளைப் போல மழைக்காகக் காத்துக் கிடக்கிறது, பாவம்.

ஃபியுனேரியா என்ற மாஸின் படத்தில் கேப்சூல், அதான் அந்த வித்துப் பை, அதன் வாயைச் சுற்றிப் பல் போடாமல் விட்டதற்கு மிஸ் என் ரெக்கார்டைத் தூக்கி எறிந்தாரே! உன்னதைப் பார்த்து வெளியே 16, உள்ளே 16 என்று ராத்திரி முழுக்க வரைந்தேன். என் சுவரில் இருப்பது ஹையோஃபிலா என்ற மாஸ் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதற்குப் பல்லே கிடையாது. அன்றைக்கு இதைக் கொடுத்திருந்தால் நான்தான் ஃபர்ஸ்ட்.

அப்புறம், அண்ணன் வீட்டை பில்டரிடம் கொடுக்கலாம் என்கிறான். தை பிறந்ததும் முடிவாம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாயந்திரம் மாடிக்கு வந்து அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை, செல்வி. கேட்டால் அழுதுவிடுவேன்.

இவரிடம் பேசி முடித்துவிட்டேன்: தரையைத் தேய்க்கலாம், சுவரில் கை வைக்கக் கூடாது. இன்று காலை மெத்தை நடுவில் நூல் போல இரண்டு காம்பு தலைகாட்டுகிறது. நுனியில் கேப்சூல் முற்றுவதற்குள் வந்து சேர். பல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு கை போதாது.

உன்
மாலா