வெள்ளி மாலை: அமைதிக்கான செபமாலை

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

வரும் வெள்ளி மாலை 6.30 மணிக்கு, போர் நடக்கும் நாடுகளுக்காக நம் மாதா கெபி முன் செபமாலை சொல்கிறோம். முடிந்தவர்கள் அன்று ஒரு வேளை நோன்பிருங்கள். சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம்.

மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மன்றாட்டுமாலையில் 'சமாதானத்தின் அரசியே' என்று வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்வோம். முதல் உலகப்போர் நடுவே, 1917-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் சேர்த்த வேண்டுதல் அது. செபத்தோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்குச் சமாதான யோசனைகளை எழுதி அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை என்பது வேதனை. ஆனாலும் எழுதினாரே!

நமக்கும் வேலை இருக்கிறது. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் மதுரை ஆனையூர், உச்சப்பட்டி அகதி முகாம்களில் இன்னும் இருக்கின்றன. போர் என்றால் என்னவென்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவர்களையும் அழைப்போம். கூட்டிவர வண்டி தரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், குண்டு விழும் வீடியோக்களையும் ஒரு நாட்டையோ மதத்தையோ ஏசும் பதிவுகளையும் இந்தக் குழுவில் போடாதீர்கள். சாவது யார் வீட்டுப் பிள்ளையானாலும் பிள்ளைதான்.

முகாம் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர விரும்புகிறவர்கள், புதன்கிழமைக்குள் இங்கேயே பெயர் கொடுங்கள்.