243-வது டர்னுக்கு ஒரு கம்ப்யூட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆட்டம் ஆடப் புது கம்ப்யூட்டர் வாங்க நீ அனுப்பிய பார்ட்ஸ் லிஸ்ட்டை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் கிராபிக்ஸ் கார்டுதான் பெரிதாகத் தெரிந்தது. மொத்தப் பணத்தில் பாதியை அது விழுங்கிவிட்டது. மிச்சத்தில் ப்ராசஸர், ராம், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் ஆளுக்கொரு நாட்டை வைத்து முறை முறையாக ஆடுகிற சிவிலைசேஷன் 6 ஆட்டம் 243-வது டர்னில், அதாவது 243-வது முறையில், நிற்கிறது. ஏன் நின்றது என்று ஞாபகம் இருக்கிறதா? நீ 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்துவாய். உன் லேப்டாப்பில் உருண்டை சுற்ற ஆரம்பிக்கும். போனில் உன் குரலைவிட ஃபேன் சத்தம்தான் நன்றாகக் கேட்கும். அந்த இடைவெளியில் நான் ஒரு கூடைத் துணியை மடித்து முடித்திருக்கிறேன். கடைசியில் "தூக்கம் வருதும்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றாய். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. அதற்கு முந்தைய ஆட்டமும் 200-ஐத் தாண்டியதும் இப்படித்தான் போயிற்று.

முதல் 50 டர்ன் எந்தப் பழைய டப்பாவிலும் பறக்கும். விற்கிறவர்கள் ஓட்டிக் காட்டுவதும் அந்த 50 டர்னைத்தான். நீ வாங்கப்போகிற கம்ப்யூட்டர் 243-வது டர்னுக்கானது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு லிஸ்ட்டை மறுபடி படி, தப்பு உனக்கே தெரியும்.

நீ டர்னை முடித்ததும் உள்ளே என்ன நடக்கிறது? கம்ப்யூட்டர் ஆடுகிற ஒவ்வொரு நாடும் தன் நகரங்களைப் பார்க்கிறது, படைகளுக்கு வழி தேடுகிறது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று கணக்குப் போடுகிறது. ஒருவர் நகர்த்திய பிறகுதான் அடுத்தவர் யோசிக்க முடியும். அதனால் வேலையின் பெரும்பகுதி வரிசையாகவே நடந்தாக வேண்டும். பத்துப் பேர் சுற்றி நின்றாலும் ஊசியில் நூல் கோப்பது ஒருவர்தானே. கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் வேலையே இல்லை. அது முடிந்த காட்சியை வரைந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். விண்வெளியில் நாடு கட்டுகிற ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்திலும் இதே கதைதான். விண்மீன் கூட்டத்தில் மக்கள்தொகை ஏற ஏற நாட்கள் நகர மறுக்கும். 2010-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டம், உன் ப்ராசஸரில் எத்தனை கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடுகிற பகுதி) இருந்தாலும் முக்கியமாக இரண்டைத்தான் பயன்படுத்தும்.

இனி உன் லிஸ்ட்டில் இருக்கிற அந்த 14 கோர் ஜியான் ப்ராசஸருக்கு வருகிறேன். "அம்மா, 14 கோர், இவ்வளவு மலிவு!" என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாயே, அதுதான். அந்த ஜியான் இ5-2680 வி4, 2016-ல் சர்வர்களுக்காக வந்தது. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், முட்டித் தள்ளினால் 3.3. ஒரே சமயத்தில் நூறு பேர் கேட்பதற்குப் பதில் சொல்ல அது சரி. நம் ஆட்டத்தில் ஒரு கோர் ஓட, மற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். 2022 தொடக்கத்தில் வந்த இன்டெல் கோர் ஐ5-12400-க்கு 6 கோர்தான். ஆனால் 4.4 வரை போகும். அதோடு ஒவ்வொரு துடிப்பிலும் பழையதைவிட அதிக வேலையை முடிக்கும்.

கேஷ் பற்றியும் கேட்டிருந்தாய். ப்ராசஸர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மேஜை அது. ராம் என்பது பக்கத்து அறை அலமாரி. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களைத் திரும்பத் திரும்பத் தொடுகிற நம் மாதிரி ஆட்டங்களுக்கு மேஜை பெரிதாக இருந்தால் அலமாரிக்கு நடக்கிற நடை குறையும். ஏஎம்டி கம்பெனி 2022-ல் ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரில் 96 எம்பி கேஷை அடுக்கியதும், ஸ்ட்ராட்டஜி ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டாடியது இதனால்தான். நம் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனி: அதே கம்பெனியின் ரைசன் 5 5600-க்கு 32 எம்பி. பெயரில் ஒட்டிப் பிறந்தது போலிருக்கும் 5500-க்கும் 5600ஜி-க்கும் 16 எம்பிதான். ஐ5-12400-க்கு 18. "அப்படியானால் ஜியானுக்கு 35 இருக்கிறதே" என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். மேஜை பெரிதுதான், உட்கார்ந்திருக்கிற ஆள் மெதுவாக எழுதுகிறவர்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார்த்து வாங்கு. இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5600-க்கும் அப்படித்தான், ஆனால் அதில் எச்சரிக்க எழுத்தே இல்லை.

என் யோசனை இது: 'எஃப்' இல்லாத ஐ5-12400. அதில் இருக்கிற கிராபிக்ஸை வைத்தே இப்போதைக்கு ஆரம்பி. சிவிலைசேஷன் குறைந்த செட்டிங்கில் ஓடும். மலையும் கடலும் படத்தில் பார்ப்பது போல இருக்காது, அவ்வளவுதான். கண்ணுக்கு உறுத்தினால் ஸ்ட்ராட்டஜிக் வியூ போட்டுக்கொள், அட்டையில் வரைந்த வரைபடம் மாதிரி தட்டையாக வரும். நான் பாதி நேரம் அதில்தான் ஆடுகிறேன், உன் குதிரைப்படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதில் பளிச்சென்று தெரியும். அதே சாக்கெட்டில் இன்டெலின் 13, 14-வது தலைமுறை ப்ராசஸர்களும் உட்காரும். நாலு வருஷம் கழித்து பெட்டியை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றலாம்.

போர்க்கள ஆட்டமான டோட்டல் வார் ஆடப்போகிறாய் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஒவ்வொருவராக வரைந்தாக வேண்டும், கார்டு நிஜமாகவே வேர்க்கும். அப்போதுகூட உன் லிஸ்ட்டில் இருக்கிற அந்த ராட்சசன் வேண்டாம். 1080பி திரைக்கு 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒன்று தாராளம். அதைப் பிறகு வாங்கு. ப்ராசஸரில் மிச்சம் பிடித்துக் கார்டில் கொட்டியவர்கள் எல்லாரும் 243-வது டர்னில் என்னைப் போலத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராம் 16 ஜிபி, 8 ஜிபி இரண்டு துண்டாக. ஒரே துண்டு 16 வாங்காதே. இரண்டு இருந்தால் இரண்டு பாதையில் தகவல் போகும், ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஆடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். நாலு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. மதர்போர்டு டிடிஆர்4 வகை ராமுக்கா டிடிஆர்5 வகை ராமுக்கா என்று பார்த்து வாங்கு, ஒன்று மற்றதில் நுழையவே நுழையாது. 3200 வேகம் என்று வாங்கினாலும், பல சமயம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி என்கிற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் அந்த வேகம். நான் என் முதல் டெஸ்க்டாப்பை ஒரு வருஷம் 2133-ல் ஓட்டியிருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் வேகம் எழுதியிருக்கும். வாங்கிய அன்றே பார்.

எஸ்எஸ்டி கட்டாயம். என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஆட்டம் திறக்கிற நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, டர்ன் நேரத்தில் ஒன்றுமே தெரியாது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் அம்மா சொல்வதை அப்படியே கேள். ஐ5-12400 உச்சத்தில் 117 வாட்ஸ் இழுக்கும், ஆர்எக்ஸ் 6600 132. இரண்டும் சேர்ந்து 249. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐச் சுற்றித்தான். ஒழுங்கான 450 வாட்ஸ், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரையோடு இருந்தால் போதும். கேபினெட்டோடு இலவசமாக வருகிற, 750 என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேசான டப்பாவை நம்பாதே. அப்படி ஒன்று என்னிடம் ஒரு நாள் சாயங்காலம் 'டப்' என்று சொல்லிவிட்டுப் போனபோது தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று.

ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டிய செகண்ட் ஹேண்ட் பெட்டியும் உன் லிஸ்ட்டில் கடைசி வரியில் இருந்தது. மோசமான யோசனை இல்லை. ஆனால் 8-வது தலைமுறை இன்டெலுக்குக் கீழே போகாதே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதற்குக் கீழே இருப்பதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஒல்லியான பெட்டி என்றால் முழு உயரக் கார்டு உள்ளே போகாது. பல பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் இணைப்பும் அந்தப் பெட்டி செய்த கம்பெனிக்கென்றே செய்ததாக இருக்கும், வெளியில் வாங்கியதைச் செருக முடியாது. பக்கத்து மூடியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பேரம் பேசு.

மானிட்டருக்கு 165 ஹெர்ட்ஸ் எதற்கு? நம் ஆட்டத்தில் யாரும் ஓடி வந்து சுடுவதில்லை. 60 போதும். 24 அங்குலம், ஐபிஎஸ் வகைத் திரை, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த ஆட்டங்களில் பாதி வேலை படிப்பதுதான்.

பின்னால் கார்டு வாங்கி மாட்டினால், மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகு. சிரிக்காதே. நான் கார்டு மாட்டிய அன்று, பெட்டியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, குனிந்து, கையால் தடவிப் பார்த்து, முதலில் அகப்பட்ட ஓட்டையில் செருகினேன். அது மதர்போர்டினுடையது. படம் வந்தது, நானும் திருப்தியாக எழுந்துகொண்டேன். இரண்டு வாரம் "இவ்வளவு கொடுத்தும் ஒன்றும் மாறவில்லையே" என்று கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். கூட்டும்போது பெட்டியை வெளியே இழுத்தேன். கார்டின் மூன்று வாய்களிலும் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

எல்லாம் பூட்டி முடித்ததும் கேமை நிறுவி, மெயின் மெனுவில் இருக்கிற பெஞ்ச்மார்க் என்கிற வேகச் சோதனையை ஓட்டு. அதில் கிராபிக்ஸுக்கு ஒன்று, ஏஐ-க்கு (கம்ப்யூட்டர் ஆடுகிற நாடுகளின் யோசனைக்கு) ஒன்று தனித்தனியாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது, ஒரு டர்னுக்குச் சராசரி எத்தனை நொடி என்று சொல்லும். என் எண்ணையும் உன் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். புதிதாக எந்த ஆட்டத்தையாவது ஸ்டீம் என்கிற ஆன்லைன் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் ஞாபகம் வை.

மாமா ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அதில் ஆடுகிற எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே கணக்கை ஒன்றுபோலப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்று தடுமாறினால் எல்லாருக்கும் ஆட்டம் நொண்டும். 2019-ல் வந்த பதிப்பில், ரேங்க் ஆட்டத்துக்குள் போகவே பெஞ்ச்மார்க்கில் 1000 எடுத்துக்காட்டச் சொன்னார்கள். புதுப் பெட்டி வருகிற வரை உன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாமாவிடம் சரி என்று சொல்லிவிடாதே. அவருக்கு என் அளவுக்குப் பொறுமை கிடையாது, மடிக்கத் துணியும் கிடையாது.

லிஸ்ட்டைத் திருத்தி அனுப்பு, இந்தத் தடவை ப்ராசஸர் முதல் வரியில் இருக்கட்டும். சேவ் ஃபைலை இரண்டு இடத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் தலைநகரத்துக்கு வடக்கே ஆற்றைத் தாண்டி என் பீரங்கிகள் மூன்று நிற்கின்றன. நீ பார்த்தாயா இல்லையா என்று அன்றைக்கே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அன்புடன்,
அம்மா