அது கட்டை அல்ல, மரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த சீன ராசிபலன் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். பலன் பலிக்குமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆனால் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று சீனர்கள் சொல்லும் ஐந்தில் ஒன்றை 'மரக்கட்டைத் தனிமம்' என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தனிமம் என்றதும் பள்ளிக்கூட வேதியியல் ஞாபகம் வருகிறது. கட்டை என்றதும் சுடுகாடு.

சீனத்தில் அது 'மூ'. அந்த எழுத்தே வேரும் கிளையுமாக நிற்கும் மரத்தின் உருவம்தான். ஐந்தையும் சேர்த்து 'வூ சிங்' என்பார்கள். 'சிங்' என்றால் நடப்பது, நகர்வது. நம் பஞ்சபூதம் உலகம் எதனால் ஆனது என்று சொல்கிறது. இதுவோ ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிறக்கிறது, ஒன்றை இன்னொன்று எப்படி அடக்குகிறது என்ற கணக்கு. 'வளைவதும் நிமிர்வதும்' என்பதுதான் பழைய 'ஷூ ஜிங்' நூல் மரத்துக்குச் சொல்லும் இலக்கணம். கட்டை எங்கே வளையும்?

முளைவிட்டு எழும் பருவம் அது. அதனால் வசந்தம், கிழக்கு, பச்சை, எல்லாம் மரத்தின் பக்கம். புளிப்பும் கோபமும்கூட அங்கேதான். உடம்பில் கல்லீரலும் பித்தப்பையும். (பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாமும்தானே சொல்கிறோம்.) வானத்தில் நம் வியாழனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மர நட்சத்திரம்'.

நீர் மரத்தை வளர்க்கும், உலோகம் மரத்தை வெட்டும். அவர்கள் கணக்கே இப்படி இருக்க, மரத்துக்குரிய ஆண்டில் பிறந்தவர்களைப் பித்தளை ஆமை வாங்கி வைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். கோடாலியையே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், சீனர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கையும் இந்த ஐந்தில் ஒன்றையும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். 1965-இல் பிறந்தவர்கள் எல்லோரும் மரப் பாம்பு என்று போட்டிருந்தீர்கள். அந்த வருஷம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 2-ஆம் தேதிதான் பிறந்தது. ஜனவரியில் பிறந்த என் தங்கை மர டிராகன். பாம்புக்குச் சொன்ன பலனை ஒரு வாரமாக எல்லோரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தவள், விஷயம் தெரிந்ததும் டிராகன் பக்கத்தைக் கேட்டாள். அதைக் கிழித்து வடைக்கு எண்ணெய் ஒற்ற வைத்துவிட்டேன். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது டிராகன் பலனையும் ஒருமுறை சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்