விண்ணப்பத்தில் மாப்பிள்ளையின் பெயர்

யாங்கோன்

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

மாப்பிள்ளையின் போலீஸ் சான்றிதழ் இங்கே தாமதமாவதால், கனடாவின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் அவர் பெயரை இப்போதைக்கு விட்டுவிட்டு, பிறகு அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. உடன் வந்தாலும் வராவிட்டாலும் கணவரை அறிவித்தே ஆக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அறிவிக்காமல் விட்டவரைப் பின்னால் குடும்ப வகையில் அழைக்கும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். உண்மையை மறைத்ததாக முடிவானால் உனக்கே ஐந்து ஆண்டுத் தடையும் வரும். விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடா அரசின் அழைப்புக் கிடைத்தபின் முழு விண்ணப்பத்தையும் 60 நாள்களில் செலுத்த வேண்டும். அதற்குள் சான்றிதழ் வராதென்று தெரிந்தால், அழைப்பை மறுத்துவிட்டு, மதிப்பெண் பார்த்து ஆள்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பட்டியலிலேயே காத்திரு. 30 வயதிலிருந்து மதிப்பெண் குறையத் தொடங்கும் என்ற உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சில மதிப்பெண்களுக்காகக் கணவன் மனைவி பிரிந்திருக்க நேரக்கூடாது.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். நம்மவர் பலரைப்போல அவருக்கும் இரண்டு பெயர்கள். இளஞ்சிவப்பு நிறப் பர்மியக் குடியுரிமை அட்டையில் பர்மியப் பெயர் இருக்கிறது; கோயில் திருமணச் சான்றிலோ தமிழ்ப் பெயர். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் இரண்டு பெயர்களையும் எழுது.

வேலை வாய்ப்புக் கடிதத்தைப் பணத்துக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜெண்டை அறவே விலக்கு. அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக்கான கூடுதல் மதிப்பெண்ணையே அந்த அரசு நீக்கிவிட்டது. நீ அங்கு முறையாக வேலை செய்த ஓராண்டு அனுபவமே உன் பலம். மாலையில் பிரெஞ்சு படி. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உன் பாட்டனார் இந்த மண்ணில் பிழைத்து, வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்தே வாழ்ந்தவர். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது, அவருடைய அண்ணன் குடும்பம் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறியது. சட்டப்படியான உரிமை இல்லாமல் ஓர் ஊரில் வேரூன்றுவது என்னவென்று நம் குடும்பம் அறியும்.

வசிப்புரிமை கிடைத்தபின், ஐந்து ஆண்டுகளில் 730 நாள்களாவது கனடாவில் இருக்க வேண்டும். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கணக்குப் பார்த்துக்கொள். கனடாக் குடியுரிமைக்கு மட்டும் இப்போது அவசரப்படாதே. இந்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் பர்மியக் குடியுரிமையை இழப்பார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால், வெளிநாட்டவர் பெயருக்கு இந்த வீட்டை மாற்றவும் முடியாது. நிரந்தர வசிப்புரிமைக்கு அந்த இடையூறு இல்லை. வீட்டை என்ன செய்வது என்று அம்மாவோடு பேசி முடிவு செய்தபின், குடியுரிமையைப் பற்றி யோசிக்கலாம்.

குடும்பப் பட்டியலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த வாரம் தயாராகிவிடும். அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா