‘தண்ணி கடிக்குது’ என்றான் பேரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குளியலறை ஹீட்டரைப் போட்டால் டிரிப்பர் விழுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்வது என்று சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். டிரிப்பர் பழசாகியிருக்கும், கழற்றிவிட்டு அதிக ஆம்பியர் உள்ளதாகப் போடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். கிட்டத்தட்ட அதே பதிலைப் போன மார்கழியில் எங்கள் வீட்டில் வைத்து ஒருவர் சொன்னார். நாங்களும் நம்பினோம். என்ன ஆனது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஷவருக்கு மேலே சுவரில் மாட்டிய 3 லிட்டர் ஹீட்டர், 3 கிலோவாட். கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சமையலுக்குச் சிறுவாணித் தண்ணீர், குளியலுக்கும் துவைப்பதற்கும் போர் தண்ணீர். ஹீட்டருக்குள் போவது அந்த உப்புத் தண்ணீர்தான். மார்கழி பிறந்த வாரத்திலிருந்து ஹீட்டரைப் போட்ட மூன்றாவது நிமிடம் வீடு முழுக்க இருட்டாகும். மறுபடி டிரிப்பரைத் தூக்கிவிடுவோம். மறுபடி விழும். ஒரு நாள் காலை நாலு தடவை.

வந்த எலக்ட்ரீசியன் தம்பி நல்ல பையன்தான், சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே பெரிய விஷயம். ஹீட்டர் மூடியைக் கழற்றி, சீரியஸ் லேம்ப் (கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பல்ப்) வைத்துக் காயிலின் இரண்டு முனையையும் தொட்டார். பல்ப் எரிந்தது. “காயில் நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. டிரிப்பர்தான் வீக்காப் போச்சு. இப்போதைக்கு டைரக்ட் குடுத்துடறேன், புதுசு வாங்கினதும் மாட்டிக்கலாம்” என்றார். டைரக்ட் என்றால், டிரிப்பரைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிடுவது. 300 ரூபாய் கொடுத்தோம். அதன் பிறகு வீடு இருட்டாகவில்லை. புதுசு வாங்கும் பேச்சும் தானாக நின்றுபோனது.

ஆறாம் நாள், அரையாண்டு லீவுக்கு வந்திருந்த பேரன் ஷவரை விட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தான். “அம்மாயி, தண்ணி கடிக்குது!” சூடு தாங்கவில்லை போலும் என்று நினைத்து நானே கையை நீட்டினேன். சூடாக இல்லை. விரல் நுனியில் எறும்பு வரிசையாகக் கடித்தது போல் ஒரு குறுகுறுப்பு. அதற்குள் அவன் தாத்தா மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஒரு மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் கசிய வழி இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியைப் பழைய பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். ஒயர்களைக் கழற்றிவிட்டு, காயிலின் முனையிலிருந்து முனைக்கு முதலில் மீட்டர் வைத்தார்: 17, 18 ஓம். “இது சரி. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் காயிலுக்கு இவ்வளவுதான் இருக்கணும். அந்தப் பையன் பார்த்தது இதைத்தான்” என்றார். அப்புறம் ஒரு முனையிலும் காயிலின் வெளிக்குழாயிலும் மெக்கரை வைத்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது.

காயிலை வெளியே எடுத்தபோதுதான் புரிந்தது. செம்புக் குழாய் கண்ணிலேயே படவில்லை, விரல் கனத்துக்குச் சுண்ணாம்புக் கட்டி. சூடு தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து, ஓரிடத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அந்தக் குழாய்க்கும் உள்ளே இருக்கும் நைக்ரோம் கம்பிக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்களாம், மெக்னீசியம் ஆக்சைடு. விரிசல் வழியாக ஈரம் ஏறினால் அந்தப் பொடி காவல் காக்காது. கம்பி அறுந்திருக்காது, தண்ணீர் நன்றாகவே சுடும், சீரியஸ் லேம்ப் எரியும். கரண்ட் மட்டும் தண்ணீருக்குள் கசியும். அதிலும் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கரண்டைச் சுலபமாகக் கடத்தும்.

அதைத்தான் டிரிப்பர் அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் எல்லாவற்றையும் டிரிப்பர் என்று ஒரே பேரில் அழைப்பதில்தான் குழப்பமே. எம்.சி.பி. என்பது ஒயர் தாங்க முடியாத அளவு கரண்ட் ஓடினால் விழும். எங்கள் ஹீட்டர் இழுப்பது 13 ஆம்பியர், அது ஒருநாளும் மீறவில்லை. எங்கள் வீட்டில் விழுந்தது ஆர்.சி.சி.பி. மின்வாரியம் மின்கசிவு தடுப்பான் என்று விளம்பரம் செய்து பொருத்தச் சொல்வது இந்த வகையைத்தான். பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, கணக்கில் குறைந்தாலே விழுந்துவிடும். இதற்கு அதிக ஆம்பியர் போடு என்றால் என்ன அர்த்தம்? கசிவு கசிவாகவே இருக்கும். எம்.சி.பி.யில் ஆம்பியரைக் கூட்டினாலோ, அது விழுவதற்கு முன்னால் சுவருக்குள் ஒயர் வெந்துபோகும்.

எர்த் இருக்கும்போது எப்படி ஷாக் அடித்தது என்று என் கணவர் கேட்டார். எர்த் குழி இருந்த இடத்தின் மேல்தான் நாலு வருஷம் முன்பு கார் நிறுத்த கான்கிரீட் போட்டோம். கரியும் உப்பும் போட்ட அந்தக் குழிக்கு அதன் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. டிரிப்பரை விழவைக்கும் அளவுக்கு அது வேலை செய்திருக்கிறது. கசிந்த கரண்டை முழுசாக மண்ணுக்குள் இறக்கும் அளவுக்கு இல்லை. டிரிப்பரையும் எடுத்த பிறகு குழந்தைக்கும் கரண்டுக்கும் நடுவே ஒன்றுமே மிச்சமில்லை. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் அது டிரிப்பர் விழுகிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த் இருக்கிறதா என்று காட்டாது. அதற்குத் தனியாக மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேள்வி கேட்ட அந்த வாசகிக்கு: ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு டிரிப்பரைத் தூக்கிப் பாருங்கள். நிற்கிறதென்றால் கோளாறு பெரும்பாலும் ஹீட்டரில்தான். மூடியை நீங்கள் திறக்காதீர்கள். வருகிறவரிடம் காயில் முனைக்கும் பாடிக்கும் மெக்கர் வைக்கச் சொல்லுங்கள். சீரியஸ் லேம்போடு மட்டும் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் விழுந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் மாட்டியபோது நியூட்ரலை மாற்றிச் சேர்த்துவிட்ட வீடுகளில் காரணமே இல்லாமல் விழுவது போலத் தோன்றும், அங்கேயும் குற்றம் டிரிப்பர்மேல் இல்லை.

ஹீட்டரின் லைட் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தால் அது வேறு கதை, பயப்பட ஒன்றுமில்லை. ஷவர் தலையில் உப்பு அடைத்துத் தண்ணீர் சொட்டினால் உள்ளே சூடு ஏறித் தானாக நின்று நின்று வரும். ஷவர் தலையைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சூடு போதவில்லை என்றால் பைப்பைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 3 கிலோவாட் ஹீட்டர் தண்ணீரைச் சுமார் 14 டிகிரி ஏற்றும். 6 லிட்டர் ஓடவிட்டால் 7 டிகிரிதான். இதற்கு ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் காயிலும் வாஷரும் மாற்ற 650 ரூபாய் ஆனது. ஆர்.சி.சி.பி.யை அதே இடத்தில் திரும்ப மாட்டினோம், அதற்கு ஒரு குறையும் இல்லை. கான்கிரீட்டை ஓரமாக உடைத்துப் புது எர்த் குழி போட்டதுதான் செலவு. அந்த எலக்ட்ரீசியன் தம்பியையும் கூப்பிட்டு, எடுத்த காயிலைக் கையில் கொடுத்துக் காட்டினோம். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “அம்மா, இன்னும் ரெண்டு வீட்ல டைரக்ட் குடுத்திருக்கறேனுங்க” என்று வண்டியை எடுத்தார்.

உங்கள் பத்திரிகை எத்தனை வீட்டுக்குப் போகிறதோ எனக்குத் தெரியாது. திருத்தத்தை வாசகர் கடிதப் பக்கத்தின் மூலையில் போடாமல், அந்தப் பதில் வந்த வீட்டுக் குறிப்புகள் பகுதியிலேயே, அதே எழுத்தளவில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேரன் முழுப்பரீட்சை லீவுக்கு வரும்போது வாளியில் மொண்டுதான் குளிப்பானாம், இப்போதே போனில் சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.